சாப்பாட்டு ராமன் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளியே போய்ச் சாப்பிடுவது பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: 4.6 ஸ்டார் என்று போனில் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு ஒரு ஹோட்டலுக்குப் போனோம். சாப்பாடு சுமார். அதே தெருவில் 3.9 ஸ்டார் வாங்கிய கடையில் பக்கத்து வீட்டுக்காரர் வாரா வாரம் சாப்பிடுகிறார், பிரமாதம் என்கிறார். இந்த ஸ்டாரை எப்படித்தான் சார் நம்புவது?

பதில்: அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து மெனக்கெட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று மனம் குளிர்ந்தவர்கள், இன்னொன்று வயிறெரிந்தவர்கள். ‘பரவாயில்லை, சாப்பிடலாம்’ என்று நினைத்தவர் கை கழுவிவிட்டுப் போய்விடுகிறார், அவர் கருத்து எங்கேயும் பதிவாவதில்லை. ஆக நீங்கள் பார்க்கும் 4.6 என்பது, பேச விருப்பமுள்ளவர்களின் சராசரி.

அப்புறம் இதில் காசு இருக்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, சியாட்டில் நகர உணவகங்களுக்கு யெல்ப் என்ற விமர்சன இணையதளத்தில் கிடைத்த ரேட்டிங்கையும் அவற்றின் வருமானத்தையும் ஒப்பிட்டு 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று அதில் தெரிந்தது. அதுவும் தனியாக நடத்தப்படும் கடைகளுக்குத்தான், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய பெயர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஒரு ஸ்டாருக்கு இவ்வளவு மதிப்பு என்றால் அதை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஆள் கிளம்பாமல் இருப்பார்களா? 2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகம் என்று ட்ரிப்அட்வைசர் என்ற விமர்சன இணையதளத்தில் பதிவு செய்தார். அடுப்பும் கிடையாது, சமையல்காரரும் கிடையாது. ஷேவிங் நுரையை வைத்து ‘உணவு’ப் படங்கள் எடுத்துப் போட்டார், தெரிந்தவர்களை விட்டுப் புகழ்ந்து எழுதவைத்தார், சில மாதங்களில் அந்தக் கொட்டகை லண்டனிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. இடம் கேட்டு போன் மேல் போன். ‘இப்போதைக்கு இடமில்லை’ என்று சொல்லச் சொல்ல கிராக்கி இன்னும் ஏறியது.

அதற்காக எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டாம். எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். சமீபத்தில் எழுதியதை முதலில் பாருங்கள், ஏனென்றால் சமையல்காரர் மாறிவிட்டால் மூன்று வருடத்துக்கு முந்தைய பாராட்டு வேறு கடைக்குச் சேர்ந்தது. ஐந்து ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் தாண்டி மூன்று ஸ்டார் கொடுத்தவர்களிடம் போங்கள், அவர்கள்தான் ‘இது நன்றாக இருந்தது, அது இல்லை’ என்று பிரித்துச் சொல்கிறவர்கள். எந்த அயிட்டம், எப்படி இருந்தது என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று கவனியுங்கள். ‘அருமையான அனுபவம், குடும்பத்தோடு வரவேண்டிய இடம்’ என்ற வாக்கியத்தை அந்த ஹோட்டல் வாசலைக்கூட மிதிக்காமல் எழுதிவிடலாம். 3.9 வாங்கிய கடையின் குறைகளையும் படியுங்கள். ‘உட்கார இடமில்லை’, ‘வண்டி நிறுத்த முடியவில்லை’, ‘கல்லாவில் இருப்பவர் சிரிக்கவே இல்லை’, ‘பார்சல் ஆறிப்போய் வந்தது’ என்றுதான் நிறைய இருக்கும். சாப்பாட்டைத் திட்டி யாரும் எழுதவில்லை என்றால் உடனே கிளம்புங்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வாரா வாரம் தன் காசைக் கொடுத்துச் சாப்பிடுகிறவரைவிட நல்ல ரேட்டிங் கிடையாது.

கேள்வி: டயர் விற்கிற மிச்செலின் கம்பெனி எதற்கு ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது?

பதில்: டயர் தேய வேண்டும் என்பதற்காகத்தான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1900-ல் பிரான்ஸில் கார்களே சொற்பம். மக்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினால்தானே டயர் விற்கும் என்று மிச்செலின் சகோதரர்கள் ஒரு கையேடு அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே மெக்கானிக், எங்கே தங்கலாம் என்ற விவரங்கள் அதில் இருந்தன. 1920-ல் அதற்கு விலை வைத்தார்கள், 1926-ல் முதல் நட்சத்திரம் வந்தது, 1931-ல் இரண்டும் மூன்றும் சேர்ந்தன. அந்த மூன்று படிகளின் விளக்கத்தில் இன்றும் சாலைதான் இருக்கிறது. ஒன்று என்றால் வழியில் நிறுத்திச் சாப்பிடலாம், இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே புறப்பட்டுப் போகலாம்.

சோதிக்க வருகிறவர்கள் தாங்கள் யார் என்று சொல்லமாட்டார்கள், பில்லையும் கட்டிவிடுவார்கள். நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான், நாற்காலிக்கும் விளக்குக்கும் மதிப்பெண் இல்லை. 2016-ல் சிங்கப்பூரில் இரண்டு தெருவுணவுக் கடைகள் நட்சத்திரம் வாங்கியது அதனால்தான்.

கேள்வி: சமூக வலைதளத்தில் சாப்பாடு பற்றி எழுதிவருகிறேன், ஓரளவு பேர் படிக்கிறார்கள். இப்போது ஹோட்டல்காரர்கள் இலவசமாகச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். போகலாமா அண்ணா?

பதில்: தாராளமாகப் போய்ச் சாப்பிடு தம்பி. ஆனால் அதை விமர்சனம் என்று எழுதாதே. ‘கூப்பிட்டார்கள், போனேன், காசு வாங்கவில்லை’ என்று முதல் வரியிலேயே போட்டுவிடு, படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இந்தச் சிக்கல் ஒன்றும் புதிதல்ல. 1803-ல் பாரீஸில் கிரிமோ த லா ரெனியேர் என்பவர் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஆண்டு மலர் போடத் தொடங்கினார், உணவக விமர்சனத்துக்கே அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள். கடைக்காரர்கள் அவர் வீட்டுக்கே பண்டங்களை அனுப்புவார்கள், நண்பர்கள் குழு ஒன்று உட்கார்ந்து தின்று தீர்ப்பு எழுதும். ஓசியில் தின்றுவிட்டு எழுதுகிறார், சாய்கிறார் என்று பேச்சு கிளம்பியது, 1812-க்குப் பிறகு அந்த மலர் வரவில்லை.

எதிர்த் திசையில் ஓர் உதாரணம். நியூயார்க் டைம்ஸில் விமர்சகராக இருந்த ரூத் ரைக்கல், 1993-ல் லெ சிர்க் என்ற பெரிய உணவகத்துக்குப் பல தடவை போனார். சில தடவை விக் வைத்து, வேறு பெயர் சொல்லி, யாரோ ஒருவராக. சில தடவை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்ளும்படி. யாரோ ஒருவராகப் போனபோது காக்க வைத்தார்கள், மோசமான மேசையைக் கொடுத்தார்கள். ரைக்கலாகப் போனபோது, ‘ஸ்பெயின் மன்னர் காத்திருக்கிறார், உங்கள் மேசை தயார்’ என்றார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி, அந்தப் பத்திரிகை முன்பு கொடுத்திருந்த நான்கு நட்சத்திரத்தை மூன்றாக்கினார். உன்னை வரவேற்று உட்காரவைத்துத் தட்டை வைக்கிறார்களே, அந்தக் கடையில் உன்னைப் படிக்கிறவர் ஒருவர்கூடச் சாப்பிடப்போவதில்லை. அவருக்குக் கிடைக்கப்போவது விக் வைத்த ரைக்கலின் மேசை. அழைப்புக்குப் போய்வந்த ஒரு மாதம் கழித்துக் கூட்டமான நாளில் சொல்லாமல் கொள்ளாமல் போ, காசு கொடு, அப்புறம் எழுது.

கேள்வி: மெனு கார்டு புத்தகம் மாதிரி இருக்கிறது. எதைச் சொல்வது என்று தெரியாமல் கடைசியில் எப்போதும் சாப்பிடுவதையே சொல்லிவிட்டு வருகிறேன்.

பதில்: மெனு என்பது பட்டியல் மட்டும் இல்லை, விற்பனைக் கருவியும்கூட. 1982-ல் அமெரிக்காவில் கசவானா, ஸ்மித் என்ற இருவர் மெனுவில் உள்ள ஒவ்வொரு அயிட்டத்தையும் எவ்வளவு விற்கிறது, எவ்வளவு லாபம் தருகிறது என்று நான்காகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள், இன்றும் ஹோட்டல் நிர்வாகப் படிப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நன்றாக லாபம் தந்தும் யாரும் கேட்காத அயிட்டத்துக்கு அதில் ‘புதிர்’ என்று பெயர். அதைக் கட்டம் போட்டோ, மேலே நகர்த்தியோ, புதுப் பெயர் வைத்தோ தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஆக, கட்டத்துக்குள் பளிச்சென்று இருப்பதுதான் அந்த இடத்தின் சிறந்த பண்டம் என்று அர்த்தமில்லை.

பக்கம் பக்கமாக மெனு இருந்தால் நான் சற்று உஷாராகிவிடுவேன். அத்தனையையும் அன்றன்றைக்குப் புதிதாகச் செய்ய எந்தச் சமையலறைக்கும் ஆள் பத்தாது. இரண்டு மூன்று குழம்பு அடிப்படையைத் தயாராக வைத்துக்கொண்டு மேலே தூவுவதை மாற்றித்தான் ஒப்பேற்றுகிறார்கள், அல்லது உறைபெட்டியில் இருந்து எடுக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் அவர்கள் உண்மையிலேயே கை வைத்துச் செய்வது ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அந்தப் பக்கம் எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. சுற்றி உள்ள மேசைகளைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பரிமாறுகிறவரிடம் ‘எது நன்றாக இருக்கும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘எல்லாமே நன்றாக இருக்கும் சார்’ என்பார், பாவம் அவர் வேறென்ன சொல்வார். ‘இன்றைக்கு எது அதிகமாகப் போகிறது?’ என்று கேளுங்கள். வேகமாகப் போகிற அயிட்டம் அடுப்பிலிருந்து நேராக வரும், தேங்கி நிற்காது. இன்னொரு கேள்வியும் உண்டு: ‘நீங்கள் இங்கே எதைச் சாப்பிடுவீர்கள்?’ இதற்கு ஒரு நொடி யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு பதில் சொன்னார் என்றால் அதையே வாங்குங்கள்.

கேள்வி: தனியாகப் போய்ச் சாப்பிட ஆசை. ஆனால் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருக்கிறது.

பதில்: யாரும் பார்க்கவில்லை, அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் போங்கள், பரிமாறுகிறவருக்கும் பேச நேரம் இருக்கும். சமையல் நடப்பது தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். நான்கு பேராகப் போனால் பேச்சுத்தான் சாப்பிடும், சாப்பாடு பாட்டுக்கு ஆறிக்கொண்டிருக்கும். ருசி பார்க்கவென்றே போகிறவர்களுக்குத் தனிமை ஒரு வசதி. ஒரே நஷ்டம், நிறைய வகைகளைப் பகிர்ந்து ருசிக்க முடியாது.

கேள்வி: உணவுத் திருவிழாவுக்கு ஆசை ஆசையாகப் போகிறோம், மூன்றாவது ஸ்டாலிலேயே வயிறு முட்டிவிடுகிறது. கடைசியில்தான் நல்ல ஸ்டால் கண்ணில் படுகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. உள்ளே போனதும் எதையும் வாங்காமல் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். வாசல் பக்கத்து ஸ்டால்தான் அதிகம் விற்கும், பசியோடு வருகிறவர்கள் முதலில் கண்ணில் பட்டதை வாங்கிவிடுவதுதான் காரணம், ருசி இல்லை. சுற்றும்போதே எங்கே கண்ணெதிரில் சமைக்கிறார்கள், எங்கே ஏற்கெனவே செய்ததைச் சூடுபடுத்திக் கொடுக்கிறார்கள் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஹோட்டலிலும் எப்போதும் கிடைப்பதை அங்கே போய் வாங்குவது வீண். வேறெங்கும் கிடைக்காததை, அன்று மட்டும் வந்திருக்கிறவர் செய்வதைத் தேடுங்கள். கூப்பன் முறை என்றால் கொஞ்சமாக வாங்குங்கள், மிஞ்சிய கூப்பனைத் தீர்ப்பதற்காகவே தின்றுவிட்டு அவதிப்படுகிறவர்களை ஒவ்வொரு விழாவிலும் பார்க்கிறேன்.

வயிறு விஷயத்தில் ஓர் அறிவியல் இருக்கிறது. பார்பரா ரோல்ஸும் உடனிருந்த ஆய்வாளர்களும் 1981-ல் எழுதியது: ஒரே உணவைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்த உணவின் மேல் உள்ள ஆசை சீக்கிரம் குறைந்துவிடுகிறது, இன்னும் தொடாத உணவின் மேல் ஆசை அவ்வளவாகக் குறைவதில்லை. விருந்தில் போதும் போதும் என்றவர் இனிப்பு வந்ததும் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான். திருவிழாவில் இது இரண்டு பக்கமும் வெட்டும். வகை வகையாகப் பார்ப்பதால் ஆசை அடங்காது, ஆனால் வயிற்றின் கொள்ளளவு அதேதான். ஆகவே ஒரே பொரித்த வகையில் மூன்று ஸ்டால் போகாதீர்கள். மென்மையானதில் தொடங்கிக் காரத்துக்குப் போங்கள், இனிப்பைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே கடும் காரத்தைத் தின்றுவிட்டால் அடுத்த அரை மணி நேரத்துக்கு எதைத் தின்றாலும் ஒன்றுதான். காரம் ஏறிவிட்டால் தண்ணீரைக் குடித்துப் பயனில்லை, மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது. பால் உதவும். இரண்டு பேருக்கு ஒரு தட்டு, நான்கு பேர் என்றாலும் ஒரு தட்டே போதும். நன்றாக இல்லையா, ஒரு வாயோடு நிறுத்திவிடுங்கள், காசு கொடுத்தாயிற்றே என்று முழுவதையும் விழுங்குவது அடுத்த நல்ல தட்டுக்கு நீங்களே வைக்கும் வேட்டு.

சுகாதாரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சூடாகப் பரிமாற வேண்டியது 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழேயும் இருக்க வேண்டும், சமைத்ததைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெப்பமானியோடு போக முடியாது, சரி. ஆவி பறக்கிறதா, காசு வாங்கும் கையே பண்டத்தையும் எடுக்கிறதா, இந்த இரண்டையாவது பாருங்கள். மாலையில் பாதிப் பாத்திரம் காலியாகி வெதுவெதுப்பாக நிற்பதை யார் கொடுத்தாலும் வேண்டாம்.

கூட்டத்தில் இடிபடப் பிடிக்காதவர்களுக்கு ‘ரெஸ்டாரண்ட் வாரம்’ என்ற வகை நல்லது. 1992-ல் நியூயார்க்கில் ஓர் அரசியல் கட்சி மாநாட்டுக்கு வந்தவர்களை ஈர்க்கத் தொடங்கியது, மதிய உணவு விலையையே வருடத்தை வைத்து 19.92 டாலர் என்று வைத்தார்கள். அதை மற்ற பல நகரங்களும் எடுத்துக்கொண்டன. எட்டிக்கூடப் பார்க்க முடியாத விலையுள்ள இடங்களை உள்ளே போய்ப் பார்க்க அது வசதி. ஆனால் அந்த வாரத்துச் சாப்பாட்டை வைத்து அந்த ஹோட்டலை எடைபோடாதீர்கள், சமையலறை மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

கேள்வி: சாப்பாடு வந்ததும் மகள் படம் எடுத்து முடிக்கும் வரை யாரும் தொடக் கூடாது என்கிறாள்.

பதில்: ஒரு படம் எடுக்கலாம், இரண்டாவது படத்துக்கு அவள் பில் கட்டட்டும்.

கேள்வி: சாப்பிட்டதை எல்லாம் டைரியில் குறித்துவைக்கிறேன். திரும்பிப் படித்தால் எல்லா இடத்திலும் ‘சூப்பர்’, ‘செம’, ‘சுமார்’ இவ்வளவுதான் இருக்கிறது. ருசியை எப்படி எழுதுவது?

பதில்: நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நாக்கை மட்டும் நம்பியிருப்பதால்தான் வார்த்தை தீர்ந்துபோகிறது. நாக்குக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அதோடு 1908-ல் டோக்கியோவில் வேதியியலாளர் இகெடா கிகுனே கடற்பாசிக் குழம்பில் இருந்து பிரித்துக் காட்டிய உமாமி, அதாவது சூப்பிலும் இறைச்சிச் சாற்றிலும் தெரியும் ஆழமான ருசி. (நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளியில் படம் போட்டுக் காட்டினார்களே, அது தவறு. எல்லா ருசியும் நாக்கின் எல்லாப் பக்கத்திலும் தெரியும்.) மீதி எல்லாம் மூக்கின் வேலை. மெல்லும்போது வாசனை தொண்டைக்குப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பழ மிட்டாயை வாயில் போடுங்கள், இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியும். கையை எடுத்ததும்தான் அது என்ன பழம் என்றே தெரியும்.

காதுக்கும் பங்குண்டு. 2004-ல் மசிமிலியானோ சம்பீனி, சார்லஸ் ஸ்பென்ஸ் என்ற ஆய்வாளர்கள் உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்கும் சத்தத்தை மாற்றி ஹெட்போனில் கேட்கவைத்தார்கள். கூர்மையான சத்தத்தைக் கூட்டியபோது அதே வறுவல் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருக்கிறது என்றார்கள் சாப்பிட்டவர்கள்.

அதனால் டைரியில் ருசியைத் தனியாக எழுத முயலாதீர்கள். முதலில் மணம் என்ன, வாயில் வைத்ததும் சூடு எப்படி, கடித்ததும் என்ன ஆனது, மென்றபின் எது முன்னால் வந்தது, விழுங்கியபின் எது தங்கியது என்று வரிசையாகக் குறியுங்கள். நம்மிடம் இதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? முறுகல், குழைவு, நெகிழ்வு, கரகரப்பு, பிசுபிசுப்பு, கமறல், காரல், சுள்ளென்று, சப்பென்று, திகட்டல், அடிப்பிடித்த வாசனை. இதில் இரண்டைச் சரியான இடத்தில் போட்டால் ‘செம’ தேவைப்படாது. ‘மேலே முறுகல், உள்ளே குழைந்துவிட்டது, உப்பு பின்னால்தான் வந்தது, காரம் தொண்டையில் நின்றது’ என்று எழுதிவைத்தால் பத்து வருடம் கழித்துப் படித்தாலும் அந்தத் தட்டு கண்முன்னால் வரும்.

மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டாம், வீட்டுக்கு வந்தும் எழுத வேண்டாம், அதற்குள் மறந்துவிடும். வெளியே வந்து வண்டியை எடுப்பதற்கு முன் போனில் நான்கு வார்த்தை போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை, என்ன நேரம் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். ஞாயிறு மதியம் சொதப்பும் கடை செவ்வாய் இரவு அசத்தும். ஒரே தடவை போய்விட்டு ஒரு கடையைக் கிழித்து எழுதுவது நியாயமில்லை என்பேன், டைரியில் எழுதுவது உங்கள் இஷ்டம், ஊருக்குச் சொல்வதற்கு முன் இன்னொரு தடவை போய் வேறு ஒன்றைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. சொன்னாலும் சில இடங்களில் தூவிவிடுகிறார்கள்.

பதில்: ‘வேண்டாம்’, ‘பிடிக்காது’ என்று சொல்லாதீர்கள், சமையலறைக்குப் போகும்போது அது ‘கொஞ்சமாகப் போடு’ என்று மாறிவிடுகிறது. ‘சாப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும்’ என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள், அதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்பவர் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். திருவிழா ஸ்டால்களில் ஒரே கரண்டி நாலு பாத்திரத்தில் புகுந்துவருவதால் அங்கே கூடுதல் கவனம்.

கேள்வி: என் கணவருக்கு ஒரே ஹோட்டல், ஒரே மேசை, ஒரே அயிட்டம். எனக்கோ வாரம் ஒரு புது இடம் பார்க்க வேண்டும். யார் செய்வது சரி, நீங்களே சொல்லுங்கள் ஐயா.

பதில்: இதற்கு நோபல் பரிசு வாங்கிய ஒருவர் கணக்கே போட்டிருக்கிறார் அம்மா. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் தன் நண்பர் ரால்ஃப் லெய்ட்டனோடு ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே பிடித்ததையே சொல்வதா, புதிதாக ஒன்றைச் சொல்வதா என்று குழம்பியபோது, அதையே ஒரு கணக்காக எழுதிப் பார்த்தார். அதன் சாரம் இதுதான்: அந்த இடத்தில் இன்னும் எத்தனை வேளை சாப்பிடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிறைய வேளை மிச்சமிருந்தால் புதிதைத் தேடுவது லாபம், ஏனென்றால் நல்லது ஒன்று கிடைத்தால் அதை அனுபவிக்க நாள் இருக்கிறது. கொஞ்சமே மிச்சம் என்றால் இருப்பதில் நல்லதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊரைக் காலி செய்யப்போகிற கடைசி வாரத்தில் யாரும் புதுக் கடை தேடமாட்டார்கள்.

அந்தக் கணக்குப்படி நீங்கள் இருவரும் அதே ஊரில் இன்னும் பல வருடம் இருக்கப்போகிறீர்கள் என்றால் தீர்ப்பு உங்கள் பக்கம். ஆனால் அவரையும் லேசாக நினைக்காதீர்கள். ஒரே அயிட்டத்தை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவருக்குத்தான் என்றைக்கு எண்ணெய் மாறியது, என்றைக்கு சமையல்காரர் லீவு என்பது முதல் வாயிலேயே தெரியும். புது இடத்துக்கு அவரைக் கூட்டிப்போனால், அவர் எப்போதும் சாப்பிடும் அந்த அயிட்டத்தையே அங்கேயும் சொல்லட்டும், நீங்கள் கண்டதையும் சொல்லுங்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்லும் தீர்ப்பை உங்கள் டைரியில் அப்படியே குறித்துக்கொள்ளலாம். அது என்ன அயிட்டம் என்று மட்டும் நீங்கள் எழுதவே இல்லையே, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.